பிராட்ஹெட் இடப்பக்கம் விலகுகிறது: முனையை மாற்றுவதா, அம்பைச் சரிசெய்வதா?

ஆகஸ்ட் 3, வந்த கேள்வி

"காம்பவுண்டு வில் (கப்பி வைத்த வில்), இழுவிசை 65 பவுண்டு, ரிலீஸ் (நாணை விடுவிக்கும் கைக்கருவி) கொண்டு விடுகிறேன். ஃபீல்டு பாயிண்ட் (பிளேடில்லாத பயிற்சி முனை) மாட்டினால் 40 கெஜத்தில் அம்பெல்லாம் உள்ளங்கை அளவுக்குள் விழுகிறது. அதே அம்பில் மூன்று பிளேடு ஃபிக்ஸட் பிராட்ஹெட் (பிளேடு அசையாத வேட்டை முனை) மாட்டினால் ஆறு அங்குலம் இடப்பக்கம் போகிறது, கொஞ்சம் கீழேயும் இறங்குகிறது. ஃபிக்ஸட் பிராட்ஹெட் காலம் முடிந்துவிட்டது, மெக்கானிக்கலுக்கு (பட்டதும் பிளேடு விரியும் முனைக்கு) மாறினால் பிரச்சினை தீர்ந்தது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணம் சொல்லவும்."

ஆகஸ்ட் 3, இரவு

மறுக்கிறேன். உங்கள் அம்பு வில்லை விட்டு நேராகக் கிளம்பவில்லை. ஃபீல்டு பாயிண்ட் அதை மறைத்தது, பிராட்ஹெட் காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மெக்கானிக்கல் மாட்டினால் கோணல் அப்படியேதான் இருக்கும், உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாது.

நடப்பது இதுதான். அம்பின் வாலில் உள்ள வேன்கள் (சிறகுத் தகடுகள்) காற்றைப் பிடித்து அம்பை நேராக்குகின்றன. ஃபிக்ஸட் பிராட்ஹெட் மாட்டியதும் முன்பக்கமும் காற்றைப் பிடிக்கும் தகடுகள் வந்துவிடுகின்றன. அம்பு துளி கோணலாகக் கிளம்பினாலும் முன் தகடுகள் அந்தக் கோணலின் பக்கமே இழுக்கும், வால் அதைத் திருத்தப் போராடும். ஃபீல்டு பாயிண்ட்டில் இழுப்பதற்குத் தகடே இல்லாததால் வால் சுலபமாக ஜெயித்துவிடுகிறது.

அம்பின் ஸ்பைன் (தண்டின் விறைப்பைச் சொல்லும் எண்), வெட்டிய நீளம், முனையின் எடை, மொத்த எடை, வேன் எத்தனை, எவ்வளவு திருப்பி ஒட்டியது என்று எழுதுங்கள். அதுவரை எந்த ஸ்க்ரூவையும் தொட வேண்டாம்.

ஆகஸ்ட் 4

விவரம் வரட்டும். அதற்குள் காசு செலவில்லாத இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்.

ஒன்று, சுழற்றிப் பார்ப்பது. அம்பை இரண்டு உருளைகள் மேல் வைத்துச் சுழற்றுங்கள். ஸ்பின்னர் இல்லையென்றால் முனையை ஒரு மரப்பலகையில் ஊன்றி, தண்டை விரல்களுக்கு இடையில் நிற்கவைத்துச் சுழற்றினாலும் போதும். பிராட்ஹெட்டின் கூர்நுனி ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். வட்டமடித்தால் அந்த அம்பைத் தனியே வையுங்கள். பெரும்பாலும் தண்டின் வெட்டுமுனை சதுரமாக இருக்காது, இல்லையென்றால் இன்சர்ட் (முனையைத் திருகத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு) சாய்ந்து ஒட்டியிருக்கும். தண்டு முனையை ஸ்கொயரிங் கருவியில் நாலு சுற்றுத் தேய்த்துவிட்டு மறுபடி ஒட்டினால் பாதி அம்புகள் தேறிவிடும். இன்சர்ட்டைக் கழற்றக் கார்பன் தண்டை நேராகத் தீயில் காட்டாதீர்கள், ரெசின் வெந்து தண்டு பலவீனமாகும். ஒரு ஃபீல்டு பாயிண்ட்டை மாட்டி, அதைச் சூடாக்கி, வெப்பம் உள்ளே இறங்கட்டும். அதுவும் ஹாட் மெல்ட் பசைக்குத்தான். எபாக்ஸி போட்டு ஒட்டியிருந்தால் அந்த முனையை மறந்துவிடுங்கள்.

இரண்டு, பிடி. வில்லை இறுக்கிப் பிடிப்பவருக்கு எந்த ட்யூனும் (அம்பு நேராகக் கிளம்பும்படி வில்லைச் சரிசெய்வது) நிற்காது. பெருவிரல் பக்கத்துச் சதைமேட்டில் வில் உட்காரட்டும், விரல் மூட்டுகள் 45 பாகை சாய்ந்திருக்கட்டும், விரல்கள் தளர்ந்திருக்கட்டும். கை முறுக்கினால் ரெஸ்ட்டை (வில்லில் அம்பு தங்கும் தாங்கியை) நகர்த்தியது போன்ற அதே விளைவு அம்பில் வரும். அன்றைக்கு ஒருவித முறுக்கு, மறுநாள் வேறுவித முறுக்கு என்றால் எதை வைத்து ட்யூன் செய்வீர்கள்?

ஆகஸ்ட் 4, சற்று நேரம் கழித்து

கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் இரு கையால் வளைத்து, திருப்பித் திருப்பிக் காதருகே கேளுங்கள். சின்ன விரிசல் சத்தம் கேட்டாலும் உடைத்துப் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் நாண் தள்ளும்போது சிதறி முன்கைக்குள் இறங்கும். இதை ஒரு வரியில் விடக் கூடாது என்பதால் தனிக் குறிப்பு.

ஆகஸ்ட் 6

விவரம் வந்துவிட்டது: 400 ஸ்பைன் கார்பன், 29 அங்குலம், ஃபீல்டு பாயிண்ட் 100 கிரெய்ன் (அம்பை எடைபோடும் சிறு அளவு), பிராட்ஹெட் 125 கிரெய்ன். மொத்தம் 420, பிராட்ஹெட்டோடு 445. இரண்டு அங்குல வேன் மூன்று, நேராக ஒட்டியது.

நீங்கள் ஒரே அம்பில் இரண்டு முனைகளை ஒப்பிடவில்லை, இரண்டு வெவ்வேறு அம்புகளை ஒப்பிட்டிருக்கிறீர்கள். முனையில் 25 கிரெய்ன் கூடினால் அம்பு அதிகம் வளையும், அதாவது ஸ்பைன் தளர்ந்தது போல நடந்துகொள்ளும். கீழே இறங்கியதில் ஒரு பங்கு வெறும் எடையால் வந்தது.

ஸ்பைன் எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், அவற்றின் மேல் தண்டு, நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் தண்டு எவ்வளவு தொய்கிறது என்பதுதான் எண். 0.400 அங்குலம் தொய்ந்தால் 400. ஆகவே எண் சிறியதானால் தண்டு விறைப்பு. மரத்தண்டுக்கு வேறு அளவுகோல்: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு. 26-ஐத் தொய்வால் வகுத்தால் எத்தனை பவுண்டு வில்லுக்கு உகந்தது என்று வரும். இரண்டையும் கலக்காதீர்கள்.

இதெல்லாம் அசையாத தண்டின் கதை. வில்லிலிருந்து கிளம்பும்போது நீளமும் முனை எடையும் வில்லின் பலமும் சேர்ந்து வேறொரு விறைப்பைத் தருகின்றன. தண்டு நீளமானால் தளரும், முனை கனத்தால் தளரும், வில் பலத்தால் தளரும். உங்கள் விஷயத்தில் மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. 65 பவுண்டு, 29 அங்குலம், 125 கிரெய்ன் என்றால் நான் 340-இல்தான் ஆரம்பிப்பேன்.

புதுத் தண்டு வாங்கச் சொல்லவில்லை. முதலில் 100 கிரெய்ன் பிராட்ஹெட் மாட்டி எய்து பாருங்கள். விலகல் குறைந்தால் நோய் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 7

தண்டை ஒரு அங்குலம் வெட்டலாமா என்று கேட்டவருக்கு: வெட்டலாம், விறைப்பு கூடும். ஆனால் முழுவதும் இழுத்த நிலையில் பிராட்ஹெட்டின் பின்விளிம்பு வில்லைப் பிடித்த கைக்கு முன்னால் இருக்க வேண்டும். ஃபீல்டு பாயிண்ட் மாட்டி அளந்துவிட்டு "இடம் இருக்கிறது" என்று நினைக்காதீர்கள், பிளேடு அகலத்துக்கு இடம் வேண்டும். விரல் போனால் வராது. நான் ரெஸ்ட்டைத் தாண்டி ஒன்றரை அங்குலமாவது விடுவேன்.

லிம்ப் போல்ட்டை (வில்லின் மேல், கீழ்க் கைகளைப் பிடிக்கும் திருகை) தளர்த்தி வில்லின் பலத்தைக் குறைப்பதும் வழிதான். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு மூன்று பவுண்டு இறங்கும். மேலும் கீழும் ஒரே அளவு தளர்த்துங்கள்.

ஆகஸ்ட் 10

100 கிரெய்னில் விலகல் ஆறிலிருந்து மூன்று அங்குலமாகக் குறைந்ததாம். இனி ரெஸ்ட்.

காகித ட்யூனை ஏன் முதலில் சொல்லவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். காகிதம் நல்ல ஆரம்பம், அவ்வளவுதான். ஆறேழு அடி தூரத்தில் காகிதத்தைக் கட்டி எய்தால், வால் எந்தப் பக்கம் கிழித்திருக்கிறதோ அந்தப் பக்கம் வால் தள்ளிப் போகிறது என்று தெரியும். வால் மேலே கிழித்தால் நாக் புள்ளியை (நாணில் அம்பின் வால் மாட்டும் இடத்தை) இறக்குங்கள் அல்லது ரெஸ்ட்டை ஏற்றுங்கள். பக்கவாட்டில் கிழித்தால் ரெஸ்ட்டை 1/32 அங்குலம் ஒரு பக்கம் நகர்த்திப் பாருங்கள். கிழிசல் சுருங்கினால் அதே பக்கம், வளர்ந்தால் எதிர்ப்பக்கம். எந்தப் பக்கம் நகர்த்தியும் மசியாத கிழிசல் என்றால் ஸ்பைன் அல்லது கேம் (வில்லின் கப்பி) சாய்வு, இல்லையென்றால் வேன் எங்கேயோ உரசுகிறது. உரசலைக் கண்டுபிடிக்கக் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை வேனிலும் ரெஸ்ட்டிலும் அடித்து ஒரு அம்பு விடுங்கள். உரசிய இடத்தில் பவுடர் போயிருக்கும்.

ஆனால் காகிதம் ஒரே ஒரு தூரத்தில் அம்பு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லும். துளி கிழிசல்கூட இல்லாத வில்லிலிருந்து பிராட்ஹெட் 40 கெஜத்தில் விலகுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசித் தீர்ப்பு பிராட்ஹெட்டினுடையதுதான்.

பிராட்ஹெட் ட்யூனுக்கு ஒரே விதி: பிராட்ஹெட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட்டை நகர்த்து. உங்களுக்கு இடப்பக்கமும் கீழேயும் போகிறது, ஆகவே ரெஸ்ட் வலப்பக்கமும் மேலேயும் போக வேண்டும். 1/64 அங்குலம் நகர்த்திவிட்டு, இரண்டு வகை முனையையும் மறுபடி எய்யுங்கள். ஃபீல்டு பாயிண்ட்டும் நகரும், ஆனால் பிராட்ஹெட் அதைவிட அதிகம் நகர்ந்து அதை எட்டிப் பிடிக்கும். இரண்டும் ஒன்றாக விழும்வரை சைட்டை (குறிபார்க்கும் கருவியை) தொடாதீர்கள். சைட்டை நகர்த்திப் பிராட்ஹெட்டை நடுவில் கொண்டுவந்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் ஏராளம். அம்பு இன்னும் கோணலாகவே பறந்துகொண்டிருக்கும்.

ஒரே புள்ளியில் இரண்டு பிராட்ஹெட் எய்யாதீர்கள். முதல் அம்பின் வேன்கள் அறுந்துபோகும். ஒரு புள்ளிக்கு ஒரு அம்பு.

ஆகஸ்ட் 11

ரீகர்வ் வில்லை விரலால் இழுப்பவர் ஒருவர் கேட்டார், இந்த விதி எனக்கும் பொருந்துமா என்று. உங்களுக்கு இறகில்லாத தண்டுதான் ஆசான். வலக்கையால் இழுப்பவருக்கு, இறகுள்ள அம்புகளை விட இறகில்லாத தண்டு வலப்பக்கம் விழுந்தால் தளர்வு, இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு. கீழே விழுந்தால் நாக் புள்ளி உயரத்தில் இருக்கிறது. இடக்கைக்காரருக்குப் பக்கங்கள் மாறும். முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு பக்கம். தண்டை நீளமாக விட்டு, கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டிக்கொண்டு வாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

விரல் நாணை விடும்போது நாண் பக்கவாட்டில் நழுவுகிறது, அம்பு வில்லைச் சுற்றி வளைந்து போகிறது. 1930-களில் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படக்கருவியில் இதைப் படமெடுத்த பிறகுதான் கண்ணால் பார்க்க முடிந்தது. ரிலீஸில் அந்த வளைவு மிகக் குறைவு, ஆகவே காம்பவுண்டுக்காரர்கள் இந்த இடவலக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகஸ்ட் 14

மெக்கானிக்கலை நான் மொத்தமாக எதிர்ப்பதாக நினைத்துவிட்டார்கள். இல்லை. அதன் நன்மை நிஜம்: ஒன்றரை, இரண்டு அங்குல வெட்டு, அகலமான காயம், தடம் பிடிக்கத் தாராளமான ரத்தம். ஃபிக்ஸட் பொதுவாக ஒரு அங்குலம் முதல் ஒன்றேகால். (பல இடங்களின் வேட்டை விதிகள் குறைந்தது 7/8 அங்குலம் கேட்கின்றன, சில மெக்கானிக்கலையே தடுக்கின்றன. உரிமம் வாங்கும்போதே உங்கள் இடத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.)

ஆனால் பிளேடைத் திறக்கவும், அகலமான வெட்டை இழுத்துச் செல்லவும் சக்தி வேண்டும். அந்தச் சக்தி துளைப்பிலிருந்துதான் கழியும். சாய்வான கோணத்தில் விலாவில் பட்டால் ஒரு பிளேடு முன்னே திறந்து அம்பைத் திருப்பிவிடும் சாத்தியமும் உண்டு. 65 பவுண்டு வில்லிலிருந்து மானின் விலாவுக்கு மெக்கானிக்கல் தாராளமாகப் போதும். 45 பவுண்டுக்காரர் ஆசைப்படக் கூடாது. காட்டுப்பன்றியின் தோள்பட்டைக் கவசத்துக்கு எந்த வில்லிலிருந்தும் நான் அதை விடமாட்டேன்.

இன்னொன்று முக்கியம். கோணலாகப் போய்ப் படும் அம்பு, முனை எதுவாக இருந்தாலும், தன் சக்தியைத் தண்டை ஆட்டுவதில் செலவழித்துவிடும். வால் ஒரு பக்கம் தள்ளினால் துளைப்பு பாதியில் நிற்கும். மெக்கானிக்கல் மாட்டி 40 கெஜத்தில் நடுப்புள்ளியை அடிக்கும் கோணல் அம்பை விட, ட்யூன் செய்த அம்பில் சாதாரண ஃபிக்ஸட் ஆழமாகப் போகும்.

ஆகஸ்ட் 15

கணக்குக் கேட்டார்கள். அம்பின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் (வினாடிக்கு அடி) பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில். உந்தத்துக்கு எடையை வேகத்தால் பெருக்கி 225400-ஆல் வகுக்க வேண்டும்.

420 கிரெய்ன், 270 அடி வேகம்: ஆற்றல் 68, உந்தம் 0.503. அதே வில்லில் 520 கிரெய்ன் ஏறக்குறைய 245 அடி வேகத்தில் போகும் என்று வையுங்கள்: ஆற்றல் 69, உந்தம் 0.565. ஆற்றல் கிட்டத்தட்ட அதேதான், உந்தம் பன்னிரண்டு சதவீதம் கூடிவிட்டது. துளைப்புக்கு நான் உந்தத்தைத்தான் பார்க்கிறேன்.

அம்பின் துளைப்பை ஆராய்ந்த எட் ஆஷ்பி சொல்லும் 650 கிரெய்ன் எல்லோருக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம். அது கனமான எலும்பை உடைத்து உள்ளே போவதற்கான எல்லை. அவருடைய சோதனைகள் பெரிய விலங்குகளை வைத்து நடந்தவை. மானுக்கு 450 முதல் 520 எனக்குப் போதும். அவர் வரிசைப்படுத்தியவற்றில் முதல் இரண்டைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்: உடையாத அம்பு, கோணலில்லாத பறத்தல். எடை அதற்கு வெகு பின்னால் வருகிறது.

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் ஊடுருவியதை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். அழகான நினைவு. நமக்கு ஒரே விலங்கின் இரண்டு நுரையீரலையும் ஊடுருவி மறுபக்கம் வெளியே வந்தால் போதும்.

ஆகஸ்ட் 19

கனமான அம்பு மெதுவாகப் போகும், மான் நாண் சத்தம் கேட்டுக் குனிந்துவிடும் என்ற ஆட்சேபம். கணக்கிட்டுப் பார்த்தேன்.

சத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 1125 அடி போகிறது. 30 கெஜம் என்றால் 90 அடி. சத்தம் 0.08 வினாடியில் போய்ச் சேரும், 270 அடி அம்பு 0.33 வினாடியில். இடைவெளி கால் வினாடி. கேட்ட கணமே கால்களை மடக்கிவிட்டாலும் மான் புவியீர்ப்பு இழுக்கும் வேகத்தில்தான் விழ முடியும்: கால் வினாடியில் பன்னிரண்டு அங்குலம். 245 அடி அம்புக்குப் பதினாறு அங்குலம். உண்மையில் கேட்டு உணர்ந்து அசைய நேரம் பிடிக்கும், ஆகவே இவை உச்ச அளவு.

இப்போது 20 கெஜத்துக்கு வாருங்கள். வேக அம்புக்கு ஐந்தரை அங்குலம், கன அம்புக்கு ஏழு. பத்து கெஜம் நெருங்கினால் கிடைக்கும் லாபம் அம்பு வேகத்தால் கிடைக்கும் லாபத்தை விட எத்தனை மடங்கு என்று நீங்களே பாருங்கள். கனமான அம்பு வில்லின் சத்தத்தையும் குறைக்கிறது. காதை நிமிர்த்தி உங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும் மானை எந்த அம்பாலும் எய்யாதீர்கள்.

ஆகஸ்ட் 20

எஃப்ஓசி, அதாவது அம்பின் சமநிலைப் புள்ளி நடுவைத் தாண்டி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது: நாக்கின் (நாணில் மாட்டும் வால்முனையின்) பள்ளத்திலிருந்து தண்டின் முனைவரை நீளம். முனை மாட்டிய அம்பைக் கத்தி விளிம்பில் நிறுத்திச் சமநிலைப் புள்ளி. 29 அங்குல அம்பு 18-இல் நின்றால், 18-இலிருந்து நீளத்தின் பாதி 14.5-ஐக் கழித்து 29-ஆல் வகுங்கள், 12 சதவீதம். 10 முதல் 15 வரை இருந்தால் இதைப் பற்றித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் 24

ஆகஸ்ட் 6 குறிப்பில் வேன்களைப் பற்றிப் பேசாமல் விட்டேன். இப்போது ரெஸ்ட் நகர்த்தி விலகல் ஒரு அங்குலத்துக்கு வந்துவிட்டதால் சொல்கிறேன். நேராக ஒட்டிய இரண்டு அங்குல வேன் ஃபீல்டு பாயிண்ட்டுக்குப் போதும், மூன்று பிளேடு ஃபிக்ஸட்டை அடக்கப் போதாது. ஹெலிகல்லாக (திருகு வடிவில்) திருப்பி ஒட்டுங்கள், உயரமான வேன் போடுங்கள், அல்லது நான்காக்குங்கள். சுழன்றுகொண்டே போகும் அம்பில் முனையின் சிறு கோணல் எல்லாப் பக்கமும் பங்கிடப்பட்டுவிடும். ஆனால் இதை ட்யூனுக்கு முன்னால் செய்தால் பெரிய வேன் குறையை மூடிவிடும். ட்யூனுக்குப் பிறகு செய்தால் அது காற்றுக்கும் பதற்றமான ரிலீஸுக்கும் காப்பு.

சிங்கிள் பெவல் (விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டிய முனை) விரும்புகிறவர்கள் பெவல் பக்கமும் ஹெலிகல் பக்கமும் ஒன்றாக இருக்கும்படி பாருங்கள், வலத்துக்கு வலம், இடத்துக்கு இடம். எதிர் எதிராக இருந்தால் காற்றில் ஒரு பக்கம் சுழன்ற அம்பு உடலுக்குள் நின்று, மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அதில் ஆழம் போகும்.

ஆகஸ்ட் 28

கூர்மை. இத்தனை நாள் யாருமே கேட்கவில்லை, எனக்கு அது மனதை உறுத்துகிறது. அம்பு தாக்கிச் சாய்ப்பதில்லை, வெட்டி ரத்தம் வெளியேற்றிச் சாய்க்கிறது. மொண்ணை விளிம்பு ரத்தக் குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும், கூர்விளிம்பு அறுக்கும். விலங்கு சில நொடிகளில் விழுவதும், இரவெல்லாம் வலியோடு அலைவதும் இதில் இருக்கிறது.

பெட்டியிலிருந்து எடுத்த பிராட்ஹெட் எல்லாமே கூராக இருப்பதில்லை. ரப்பர் பேண்டை லேசாக இழுத்துப் பிடித்து விளிம்பை வையுங்கள். தொட்டதும் அறுபட வேண்டும். தீட்டும்போது விளிம்பில் மார்க்கர் மையைப் பூசிக்கொண்டால் கல் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று தெரியும். ஒரே துண்டாகச் செய்த மூன்று பிளேடு முனையைத் தீட்டுவது சுலபம்: இரண்டு பிளேடுகள் கல்லில் படுத்துக்கொள்ளும், கோணம் தானாக அமையும். கடைசியில் தோல்பட்டையில் இழுத்து மெருகேற்றி, துரு பிடிக்காமல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. இலக்கில் எய்த பிளேடை அப்படியே வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். மாட்டும்போது விரலால் திருகாமல் பிராட்ஹெட் ரெஞ்ச் பயன்படுத்துங்கள்.

செப்டம்பர் 2

எய்த பிறகு எவ்வளவு காத்திருப்பது? அம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பு, நுரை இருந்தால் நுரையீரல்: அரை மணி. கருஞ்சிவப்பு என்றால் ஈரல்: நாலைந்து மணி நேரமாவது. பச்சைக் கழிவும் நாற்றமும் இருந்தால் குடல்: எட்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும். பதற்றத்தில் உடனே பின்தொடர்ந்தால் படுத்திருக்கும் விலங்கை எழுப்பி ஓடவிடுவீர்கள், பிறகு கிடைக்காது.

செப்டம்பர் 5

கேள்வி கேட்டவரின் கடைசித் தகவல்: 28 அங்குலமாக வெட்டிய தண்டு, 100 கிரெய்ன் ஃபிக்ஸட், ஹெலிகல் வேன். 40 கெஜத்தில் பிராட்ஹெட்டும் ஃபீல்டு பாயிண்ட்டும் ஒன்றாக விழுகின்றன. ஒரே ஒரு அம்பு மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம் வலப்பக்கம் போகிறதாம்.

அம்புகளுக்கு எண் எழுதியிருந்தால் அது எப்போதும் ஒரே எண்ணா என்று பாருங்கள். ஆம் என்றால் அதன் நாக்கைக் கால் சுற்றுத் திருப்பி எய்யுங்கள். கார்பன் தண்டின் விறைப்பு எல்லாப் பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை, ஏதாவது ஒரு நிலையில் கூட்டத்தோடு சேர்ந்துவிடக்கூடும். வேன் ரெஸ்ட்டில் உரசாமலிருக்கிறதா என்று மறுபடி பவுடர் அடித்துப் பாருங்கள். நாலு நிலையிலும் சேராவிட்டால் அதற்கு ஃபீல்டு பாயிண்ட் மாட்டிப் பயிற்சிக் கூட்டில் போடுங்கள், வேட்டைக் கூட்டில் வேண்டாம்.